டேவின் இரண்டு வில்லியம்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று புல் வெட்டுவதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தேன். அதனால்தான் பக்கத்து வீட்டு டேவுக்கு நான் கிடைத்தேன்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவரது முன்னோர் வில்லியத்தின் கல்லறையில் சனிக்கிழமை புதுக் கல் திறப்பு. இப்போது பழைய சென்சஸில் அதே பெயரில் இன்னொருவரும் அகப்பட்டிருக்கிறார். இருவருக்குமே மேரி என்று ஒரு மகள். டேவ் மேரியின் வழி வந்தவர்; எந்த மேரி என்பதுதான் கேள்வி.

"உங்கள் வில்லியத்தின் அப்பா பெயர் தெரியுமா?" என்றேன்.

"டங்கன் என்று வீட்டில் சொல்வார்கள்."

"அப்படியானால் இருவரின் மூத்த மகன் பெயரையும் பாருங்கள். எங்களில் தாத்தா பெயர்தான் வைப்போம்."

"எங்களிலும்!" என்று டேவ் தன் வீட்டுக்குள் ஓடினார்.

பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கிளம்பி நின்ற மனைவி சொன்னாள்: "உங்க கொள்ளுத்தாத்தா பேரே உங்களுக்குத் தெரியாது. இதுல டேவோட தாத்தாவுக்கு கன்சல்டிங் பண்றீங்களாக்கும்!"

டேவ் லேப்டாப்புடன் திரும்பினார். சென்சஸில் புதிதாக அகப்பட்ட வில்லியத்தின் மூத்த மகன் டங்கன். கல்லறையில் இருக்கும் பழையவரின் மூத்த மகன் ஜார்ஜ்.

கல்லை நேற்றே பழையவருக்கு நட்டுவிட்டார்கள்.