இரண்டு கையும் தூக்கினால் மெஷின் நிற்கும்

என் தம்பி பரணி சித்தூர் பக்கத்தில் மாம்பழக் கூழ் பேக்டரியில் பழம் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் தெருவில் நிரந்தர வேலை வாங்கிய முதல் ஆள் அவன்தான். நான் ஏழாவதோடு நின்றவள். அவனைப் பற்றி யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அங்கே மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைத் தட்டினால் மெதுவாக ஓட்டு. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே பிடித்தால் உடனே நிறுத்து. பழக்கம் வீட்டிலும் விடவில்லை. சோறு போதுமா என்று கேட்டால் உள்ளங்கையைத் தட்டுவான். "வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு கீற?" என்பேன். அதற்கும் கையைத்தான் ஆட்டுவான்.

போன மாம்பழ சீசனில் அவன் இடது கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. ரெண்டு நாள் கழித்து சட்டைப் பொத்தான் போடும்போது அதே கை தொங்கிப் போனது, பேச்சும் குழறியது. அதுவும் கொஞ்ச நேரத்தில் சரியானது. "வெறும் வாயுப் பிடிப்புதான்க்கா, வெளிய சொல்லாத, பெல்ட்லருந்து எறக்கிடுவானுங்க" என்றான். எங்களைப் பெத்த நைனாவுக்கும் பக்கவாதம் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. காலையில் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் சின்ன வயசு. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். தெலுங்கில் கேட்டார்.

"கை மரத்துப் போகுதா?"

பரணி இடது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டினான். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராததால் 'இல்லை' என்று ஒரு பொத்தானை அழுத்தினார்.

"பேச்சு குழறுதா?"

பரணி உதட்டைத் தொட்டு விரல்களை ஆட்டினான். இன்னொரு பொத்தான்.

நான் குறுக்கிட்டேன். "சார், அவன் கையால சொல்றான்."

"ஒரு நிமிஷம்மா. பாதியில விட்டா எல்லாம் அழிஞ்சிடும்."

கடுமையாகச் சொல்லவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். மருந்துச் சீட்டு அடிக்கிற பிரின்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. அப்போது பரணி வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான். முழங்கையை மடக்கி, குறுக்கே பிடிக்கப் போகிறவன் மாதிரி. இடது கை மடியிலேயே கிடந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது.

நிறுத்து என்கிறான். யாரும் நிறுத்தவில்லை.

நான் எழுந்து போய் டாக்டருக்கும் திரைக்கும் நடுவில் நின்றேன்.

"தள்ளுங்கம்மா..."

"என் தம்பியப் பாருங்க சார்."

பார்த்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இந்தச் சீட்டு அடிக்கிறப்போ."

அதையே அவர் போனில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பரணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சந்திரகிரி தாண்டும்வரை அந்த இடது கையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அது என் கை மாதிரியும் இல்லை, அவன் கை மாதிரியும் இல்லை.

திருப்பதியில் ஸ்கேன் எடுத்து, மூளையில் அடைத்த ரத்தக்கட்டி கரைய ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் விரல் அசைந்தது. வீட்டுக்குப் போகிற அன்று, கட்டிலில் உட்காரவைத்து, "ரெண்டு கையும் தூக்குடா" என்றேன்.

வலது கை மேலே போனது. இடது கை காதுவரை வந்து நின்றது.

"இன்னும் மேல."

"தூக்கினா மெஷின் நின்னுடும்க்கா" என்றான், வாய் கோணியபடி.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது, இறங்கவில்லை.