நான் சொன்ன ஆமென்

பிள்ளைகளே, களக்காட்டில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பிரசங்கியார் வந்தார். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு விசுவாசமே இல்லை என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் பழக்கத்தில் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஆஸ்துமா உள்ள என் மகள் எஸ்தருக்கு மூச்சுத் திணறியது. பையில் இன்ஹேலரைக் காணோம்.

"ஏட்டி, எங்க வச்ச?"

"கிணத்துல போட்டுட்டேன். நீங்கதானப்பா ஆமென் சொன்னீய."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் உதடு நீலமாகவே இருந்தது. கர்த்தர் கிருபையால் பிழைத்தாள்.

பிறகு வேதத்தைத் தேடிப் பார்த்தேன். மருந்தைத் தள்ளச் சொல்லி எங்கும் இல்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே?

இப்போதெல்லாம் பிரசங்கத்தில் புதிதாக எதைக் கேட்டாலும் நானும் மகளும் வேதத்தில் தேடுகிறோம். அதுவரை நான் வாய் திறப்பதில்லை. எஸ்தர்தான் பைய என் காதில் கேட்பாள்: "அப்பா, இதுக்கு ஆமென் சொல்லலாமா?"