தம்பியின் பெயரில் வந்தவள்

டென்மார்க்கிற்கு நானும் தம்பியும்தான் அகதிகளாக வந்தோம். மன்னாரில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஒரே அறையில் என்னோடு வாழ்ந்தவளைக் கொழும்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ரண்டர்ஸ் நகரில் வதிவிட அனுமதி கிடைத்ததும் அவளைக் கூப்பிட அகதிகளுக்கான அலுவலகத்துக்குப் போனேன்.

"உங்களுக்கு அவ என்ன உறவு?" என்று மொழிபெயர்க்க வந்த எங்கள் ஊர்க்காரர் கேட்டார்.

"சிநேகிதி."

"சிநேகிதியை எல்லாம் கூப்பிட ஏலாது, தங்கச்சி," என்று சிரித்தார்.

தம்பிக்கு எங்களைப் பற்றித் தெரியும். வாய்விட்டுக் கதைத்ததில்லை. "நான் கலியாணம் முடிச்சுக் கூப்பிடுறன், அக்கா. பேப்பருக்குத்தானே," என்றான். அவன் மதராசுக்குப் போனான், அவளும் அங்கே வந்தாள், பதிவு செய்தார்கள். அவளை அங்கேயே ஓர் அறையில் இருத்திவிட்டுத் திரும்பினான். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடுவாள் என்று ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வைத்தேன்.

வரவில்லை. தமிழரின் மனைவி பிள்ளைகளை வரவிடாமல் விண்ணப்பங்களை டெனிஷ் நீதி அமைச்சில் கிடப்பில் போட்டிருந்த காலம் அது. வருடங்கள் போயின.

ஞாயிறுகளில் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவளோடு கதைப்போம். முதலில் தம்பி இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தந்துவிடுவான். பிறகு அவனுடைய நேரம் நீண்டது. வெளியே குளிரில் நின்று, கண்ணாடிக்குள் அவன் சிரிப்பதைப் பார்த்தேன். "விசாக்காரர் விசாரிச்சா அவவைப் பற்றிச் சொல்ல வேணுமே, அதுதான்," என்றான். நம்பினேன்.

இதற்கிடையில்தான் பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழப் பதிவு செய்யலாம் என்று இந்த நாட்டில் சட்டம் வந்தது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த டெனிஷ்காரி அதைப் பெருமையோடு சொன்னாள். வேலை முடிந்ததும் நகரசபைக்கு ஓடினேன். இருவரில் ஒருவராவது டெனிஷ் பிரஜையாக இருக்க வேண்டுமாம். அது போக, சட்டப்படி அவள் என் தம்பியின் மனைவி.

கடைசியில் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் தம்பி பூங்கொத்தோடு நின்றான். அவள் என்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். இரண்டு நாள் கழித்துக் குசினியில் சமைத்தபடி சொன்னாள்.

"கோவிக்காதையும். நான் அவரோடை உண்மையாவே வாழப்போறன். எனக்குப் பிள்ளை வேணும். ஒளிச்சு வாழ இனி என்னாலை ஏலாது."

"அப்ப நான்?"

"நீர் எங்களோடையே இரும்."

கொஞ்சக் காலம் இருந்தேன். ஆட்கள் வரும்போது, புருஷனின் அக்காவை அழைக்கிற முறையில் என்னை "மச்சாள்" என்றாள், "நீங்கள்" என்றாள். பிறகு ஆட்கள் இல்லாதபோதும் அப்படியே அழைத்தாள். நான் தனி வீடு பார்த்துக்கொண்டு போனேன். தம்பியோடு சண்டை பிடிக்கவில்லை. என்னவென்று சொல்லிப் பிடிப்பது?

குடும்பங்களை அப்படிக் காக்க வைத்தது சட்டவிரோதம் என்று அரசு விசாரணையில் முடிவு வந்தபோது, தம்பி வீட்டில் ஆட்கள் கூடினார்கள். "எங்கடை குடும்பங்களுக்கு நியாயம் கிடைச்சிட்டுது," என்றார் ஒருவர். எல்லாரும் கைதட்டினார்கள். இடுப்பில் பிள்ளையோடு அவள் தேநீர் கொண்டுவந்தாள்.

"மச்சாள், உங்களுக்குச் சீனி போடவோ?"

மன்னாரில் தினமும் எனக்குத் தேநீர் ஊற்றியவள் கேட்டாள். வேண்டாம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். அன்று எனக்கு வேலை இல்லை.