தராசுக்காரர் தேர்ந்தெடுத்த டாக்டர்

கடைகளுக்குத் தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அதில் இறங்கி முப்பத்தோரு வருஷமாகிறது. ஒரே எடைக்கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்ப்பார். நான்கிலும் ஒரே எண் வந்தால்தான் தராசு கடைக்குத் திரும்பும்.

தங்கைக்கு ரத்தப் புற்று, மெதுவாக வளரும் வகை என்று தெரிந்தபோது டாக்டர்களையும் அப்படித்தான் சோதித்தார். "அவசரமில்லை, ஆனா தள்ளிப் போடாதீங்க" என்று குடும்ப டாக்டர் சொல்லியிருந்தார். "நீ கவலைப்படாதே, நல்ல டாக்டரா நான் பாக்கறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு ஏழு வாரம் அலைந்தார்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீங்க இவ்வளவு அலையலியே" என்று பட்டறையில் கேலி செய்தார்கள்.

"மாப்பிள்ளையை அவளே பாத்துக்கிட்டா."

நான்கு ரத்தநோய் நிபுணர்களிடமும் ஒரே கேள்விதான். "ரத்தத்தைக் கண்ணாடியில தடவி வைப்பாங்களே, அதை நீங்களே பாப்பீங்களா, ரிப்போர்ட்டை மட்டும் படிப்பீங்களா?" ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் மணியடித்து அடுத்த ஆளை அழைத்தார். மூன்றாமவர், "நீங்க டாக்டரா?" என்றார். நான்காவது ஒரு அம்மாள். மேஜையோரத்து மைக்ரோஸ்கோப்பின் உறையைக் கழற்றி, "இங்கதான் பாப்பேன்" என்றார். இவர்தான் என்று தராசுக்காரர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

தங்கையை அழைத்துப் போனார். புதிதாக ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"சிவப்பணுவெல்லாம் வழக்கத்தைவிடப் பெருசா இருக்கும்மா. இந்த நோய்க்கான மாத்திரை சாப்பிட்டா பொதுவா இப்படி ஆகும். எத்தனை நாளா சாப்பிடறே?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே டாக்டர்" என்றார் அவர்.

தங்கை கைப்பையின் வாரைத் திருகினாள். "ஆறு வாரமா."

அவள் கணவனின் அலுவலகத்தில் ஒருவர் சொன்ன டாக்டராம். கேள்விப்பட்ட மறுநாளே போய்விட்டார்களாம்.

"மாத்திரையும் அளவும் சரிதான். நானும் இதைத்தான் கொடுத்திருப்பேன்" என்றார் டாக்டரம்மா. தராசுக்காரருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் நெஞ்சு எரிந்தது.

வராந்தாவில் கேட்டார். "என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா அந்த டாக்டரையும் நாலு கேள்வி கேப்பே. எனக்கு பயமா இருந்துச்சுண்ணா, காத்திருக்க முடியலே."

"சரி, போயிட்டே. அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் பாட்டுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயிட்டிருந்தேனே!"

"நீ ஆசையா தேடிட்டிருந்தே. எங்க வீட்டுக்காரங்கதான், தேடட்டும் விடுன்னாங்க."

தேடட்டும் விடு. குழந்தை கையில் பொம்மையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தது போல.

"இனிமே யார்கிட்ட காட்டப்போறே?"

அவள் தரையைப் பார்த்தாள். "அந்த டாக்டர் எனக்குப் பழகிட்டாருண்ணா."

"அடுத்து எப்பப் போகணும்?"

"வியாழக்கிழமை. நீயும் வர்றியா?"

"உன் வீட்டுக்காரர் வருவாரில்ல?"

"வருவாங்க."

"அப்ப சரி" என்றார் அவர். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்த உறையைத் தேதிவாரியாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தனியாகப் படியிறங்கினார்.