பாய் காரில் இரண்டு எண்கள்

கார் வயர் வேலையில் ஷாக் அடிப்பது குறைவு. எண் ஒத்துவராமல் சோறு இறங்காத நாட்கள்தான் அதிகம். புகைக்குழாயில் ஒரு சென்சரைப் பூட்டி, அது சொல்லும் காற்று-பெட்ரோல் அளவை என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. மலேசியாவில், சுங்கை லாலாங்கில் கடை. நாற்பத்தொரு கார்களில் செய்திருக்கிறேன். முப்பத்தெட்டு, முதல் தடவையே சரியாக வந்தன. மீதி மூன்றில் ஒன்று கரீம் பாயுடையது. என்னைப் போல் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

கெட்டி டீ

கரீம் பாய் மெர்கோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அத்தா ஓட்டிய பழைய காரில் டர்போ என்ஜின் இறக்கி, வேறொரு கடையில் சென்சரும் பூட்டியிருந்தார். ஹைவேயில் போகும்போது பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிட்டது. இரண்டாவது என்ஜினை இறக்கிய கையோடு என்னிடம் வந்தார். இதுவும் போனால் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று அவர் மனைவி பாத்திமா சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பேச்சு வராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் அந்த எண், டர்போ ஊதும்போது அது பன்னிரண்டைத் தாண்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறும் என்று தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். பாய் கையை உதறினார்.

"இதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ கணக்கு? மிதிச்சா டீ கெட்டியா வரணும். தண்ணி டீ ஊத்துனா கடையில கஸ்டமர் கத்துவான், இங்க என்ஜின் கத்துது. அவ்ளோதான் லா!"

பத்து மணி

பழைய கடைக்காரர் சென்சரைக் குழாயின் அடிவயிற்றில் பூட்டியிருந்தார். சென்சர் நல்லபடிதான் இருந்தது. ஆனால் குழாயில் வேர்க்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். நனைந்தால் ஒருநாள் செத்துவிடும். கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் எங்காவது, மேல்பக்கமாக இருக்க வேண்டும்.

பீடோங்கில் புகைக்குழாய் வெல்டிங் செய்யும் ஆ செங்கிடம் கொண்டுபோனேன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். அட்டையில் கடிகாரம் வரைந்து, பத்து மணியில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். முதலில் ஒன்பது மணியில் பற்றவைத்தார். அளந்து பார்த்து வெட்டச் சொன்னேன். அடுத்தது ஒன்பதரை. மறுபடி வெட்டச் சொன்னேன். மூன்றாவது, பத்து மணியில் சரியாக உட்கார்ந்தது. ஆ செங் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"அண்ணே, என் மவளுக்கு மாப்ள பாக்கறப்பகூட நான் இவ்ளோ தடவ அளக்கல!"

மச்சான் கண்

சென்சரோடு, அதன் எண்ணைக் காட்ட வட்டமாக ஒரு மீட்டர் வரும். அதைப் பாயின் காரில் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள். வெளியே வைத்தால் பேய்க் கண் மாதிரி இருக்கிறது என்று பாத்திமா சொன்னாராம். அதனால் அந்த எண்ணை யாரும் பார்த்ததே இல்லை.

என்ஜினை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலை மாற்றாதபடி நிறுத்திவைத்தேன். மீட்டரில் 14.7. கம்ப்யூட்டருக்கு எட்டும் எண்ணைக் காட்டும் லேப்டாப்பில் 14.6. லைட்டைப் போட்டேன், லேப்டாப் 14.1 ஆனது. வைப்பர், 13.9. ஏர்கான், 13.5. மீட்டர் மட்டும் 14.7-லேயே நின்றது. ஒவ்வொன்றையும் அணைத்து, போட்டு, நான்கு முறை எழுதிக்கொண்டேன்.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சென்சரின் எர்த் என்ஜினில் இருந்தது. கம்ப்யூட்டரின் எர்த், லைட்டின் எர்த்தோடு சேர்ந்து பாடியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டில். லைட் போட்டதும் அந்த போல்ட்டில் நெரிசல். சென்சர் சரியாகச் சொன்னது கம்ப்யூட்டருக்குக் குறைவாகக் கேட்டிருக்கிறது. பெட்ரோல் அதிகம் என்று நினைத்து, அது குறைத்திருக்கிறது. பிஸ்டன் போன அன்று மழையா என்று பாயைக் கேட்டேன்.

"ஹைவேல குருண் ஊருகிட்ட கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சுண்ணே. லைட்டு, வைப்பர், ஏர்கான் எல்லாம் போட்டுத்தான் போனேன்" என்றவர், சட்டென்று தலையில் கை வைத்தார்.

"அப்ப கண்ணு படலியா? மச்சான் கண்ணுதான்னு நான் அவன்கிட்ட ஒரு மாசமா பேசறதில்லையே!"

பாத்திமா படித்த எண்

வயர் முனையின் துருவைச் சுரண்டி, இரண்டு எர்த்தையும் என்ஜினில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் போட்டாலும் இரண்டு எண்ணும் பிரியவில்லை. ஆனால் நின்ற இடத்தில் ஒத்துவருவது வேறு, டர்போ ஊதும்போது ஒத்துவருவது வேறு. பாத்திமா தானே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "நான் கண்ணால பாக்காம இதை வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

செம்பனை மரங்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்ப்பாதை. வெயிலில் லைட், ஏர்கான் எல்லாம் போட்டு, வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்க, பாய் மிதித்தார். பெட்டியைத் திறந்து மடியில் கை வைத்தபடி பாத்திமா படித்தார்: "பதினொன்னு புள்ளி ஏழு." பின்சீட்டில் என் லேப்டாப்பிலும் அதே. பதினோரு தடவை மிதித்தோம். பதினொன்றிலும் இரண்டு எண்ணும் ஒன்று. பாய் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். பாத்திமா பெட்டியை மூடினார்.

"காரு இருக்கட்டும்ணே. ஆனா இருபத்தாறு வருஷமா நான் சொல்ற நம்பர் ஒன்னு, இவரு காதுல விழுற நம்பர் ஒன்னு. எங்க ரெண்டு பேரையும் ஒரே போல்ட்ல மாட்டிவிட முடியுமா?"

துருவைச் சுரண்டினால் சரியாகும் கோளாறுகளை மட்டும்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன்.