நான்கு பத்து, செல்லக்கிளி

எப்சி இதை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் நேரம் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை. கதை கட்டுகிறவர்கள் எங்கேயாவது நேரத்தில் தடுக்கி விழுவார்கள். எப்சி விழமாட்டாள். நேரம் பார்ப்பதுதான் அவள் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எப்சிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் முன்பதிவு வேலை. போன் வந்தால் எடுப்பாள். எந்த நேரம் காலி என்று பார்த்து, கம்ப்யூட்டர் காலண்டரில் நோயாளியின் பெயரை ஏற்றுவாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல அதில் ஒரு மென்பொருள் உண்டு. அம்புக்குறியைத் தட்டத் தட்ட, மேஜை மேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் ஓடும். மூன்று முப்பது, இன்னார். மூன்று ஐம்பது, இன்னார். நான்கு பத்து, காலி. அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது மற்றவர்களுக்குக் கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கும். எப்சிக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். ஐந்து வருடத்தில் ஒருவர் நேரத்தில் இன்னொருவரைப் போட்டுக் குழப்பியதில்லை. டாக்டர் பெருமாள்ராஜ் அதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

2024 அக்டோபர் 21. திங்கட்கிழமை. ஐப்பசி மழை காலையில் பெய்து விட்டிருந்தது. மதியம் 3:40 இருக்கும். 3:30-க்கு வந்தவர் உள்ளே டாக்டரிடம் இருந்தார். எப்சி அடுத்து யார் என்று பார்க்க அம்புக்குறியைத் தட்டினாள்.

"மூன்று ஐம்பது, சுடலைமணி. நான்கு பத்து, செல்லக்கிளி."

எப்சியின் விரல் நின்றது. அப்படி ஒரு பெயரை அவள் ஏற்றவில்லை. அவள் ஏற்றிய பெயர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். டாக்டர் தன் போனிலிருந்து போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

3:55-க்கு சுடலைமணி உள்ளே போனார். நர்ஸ் லில்லி அக்காவும் உள்ளே போனாள். வெளியே எப்சி மட்டும்.

சரியாக 4:10.

சப்... சப்... சப்...

ரப்பர் செருப்பு. ஈரச் செருப்பு. வாசலிலிருந்து நேராக வந்தது. எப்சியின் மேஜைக்குப் பக்கத்தில், நோயாளி உட்கார்ந்து விவரம் சொல்லுகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. அது கிறீச்சென்று முனகியது. துணி சோப்பின் வாடை. அதோடு கொஞ்சம் ஆற்றுப் பாசி வாடை.

"செல்லக்கிளியா?" என்று எப்சி கேட்டாள்.

எப்சி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"யாரு? பேரு சொல்லுங்க."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு நாற்காலி மறுபடி முனகியது. அவ்வளவுதான். எழுந்து போன செருப்புச் சத்தம் வரவில்லை. எப்சி கையை நீட்டித் தடவினாள். நாற்காலி காலி.

அன்று இரவு அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை 10:05-க்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக 4:10-க்குப் போனாள்.

"நான்கு பத்து, செல்லக்கிளி."

நேற்றைய பக்கத்தில் நிற்கிறோமோ என்று தேதியைக் கேட்டாள். அக்டோபர் 22 என்றது. அழித்தாள். "நீக்கப்பட்டது" என்றது குரல். ஒரு கட்டம் கீழே போய், திரும்ப மேலே வந்தாள்.

"நான்கு பத்து, செல்லக்கிளி."

லில்லி அக்காவைக் கூப்பிட்டாள். குரலின் வேகத்தைக் குறைத்து, நிதானமாகப் பேசவிட்டாள்.

"கேக்குதாக்கா?"

"கேக்கு. செல்லக்கிளின்னு சொல்லுது."

"திரையில பாருங்க."

லில்லி குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி எப்சி... அங்கன ஒண்ணுமே இல்லட்டி. கட்டம் வெள்ளையா கெடக்கு."

பழைய நோயாளி யாராவதாக இருக்கும் என்று லில்லி ஃபைல்களைத் தேடினாள். அந்தப் பெயரில் ஒருத்தரும் இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். மென்பொருளை அழித்து, புதிதாக ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். திரையில் வெள்ளைக் கட்டம். ஸ்பீக்கரில் அதே பெயர்.

"எப்சி, இது உன் தப்புன்னு சொல்லல," என்றார் டாக்டர். "ஆனா மெஷின் பொய் சொல்ல ஆரம்பிச்சா நான் நோட்டுப் புத்தகத்துக்குத்தான் மாறணும்."

நோட்டுப் புத்தகம் என்றால் கண் தெரிந்த ஆள் வேண்டும். எப்சிக்கு அது புரிந்தது. வீட்டில் அவள் சம்பளம்தான் சம்பளம். "சரி ஆயிரும் சார்," என்றாள்.

4:10-க்கு நாற்காலி முனகியது. சோப்பு வாடை. மூச்சு. ஒரு நிமிடம். பிறகு ஒன்றுமில்லை.

புதன்கிழமை லில்லி அக்காவைப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னாள். 4:08-க்கு லில்லி வந்து நின்றாள். 4:09. மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சப்... சப்...

"வருதா அக்கா? தெரியுதா?"

"யாரும் இல்லட்டி. வாசல் அடைச்சுல்லா கெடக்கு."

கிறீச்...

எப்சி மனதுக்குள் "ஆண்டவரே" என்றாள். பைய வலது கையை நீட்டினாள். காற்று... காற்று... பிறகு விரல் பட்டது.

ஈரத் துணி.

சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். துணிக்கு அடியில் சூடு இருந்தது. முழங்கால். காய்ச்சல்காரர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரிச் சூடு. அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

எப்சி கையை உதறி இழுத்தாள். அவள் விரல் நுனியில் தண்ணீர் சொட்டியதை லில்லி பார்த்தாள். நாற்காலியில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் முழுக்க லில்லி அந்த மேஜைப் பக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை டாக்டரே தன் கையால் 4:10-க்கு ஒருவரைப் போட்டார். தேவேந்திரன் என்று ஒரு வாத்தியார். "இனி அந்தக் கட்டம் காலியா இருக்காது. உன் பயமும் போயிரும்," என்றார்.

எப்சி தட்டிப் பார்த்தாள்.

"நான்கு பத்து, இரண்டு பதிவுகள். தேவேந்திரன். செல்லக்கிளி."

வாத்தியார் 4:09-க்கே வந்துவிட்டார். சரியாக 4:10-க்கு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்னம்மா இது, சேரெல்லாம் தண்ணியா இருக்கு?"

வாத்தியார் வேட்டியை உதறிக்கொண்டே உள்ளே போனார்.

சோப்பு வாடை மேஜையைச் சுற்றி ஒரு நிமிடம் நின்றது.

வெள்ளிக்கிழமை. அக்டோபர் 25.

காலை 11:20-க்கு போன். ஒரு பெண் குரல். சின்ன வயதுதான். பின்னால் கோழி சத்தம்.

"ஏக்கா, இன்னைக்கு டாக்டரப் பாக்க முடியுமா?"

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"நாலு நாளா ஒரு மாதிரி வருதுக்கா. எனக்குச் சொல்லத் தெரியல. இன்னைக்கே பாத்தாத் தேவல."

எப்சி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனாள். எல்லாம் நிரம்பியிருந்தது. கடைசியில் அந்தக் கட்டம்.

"நான்கு பத்து, செல்லக்கிளி."

திரையில் அது வெள்ளைக் கட்டம் என்று எப்சிக்குத் தெரியும். யார் கேட்டாலும் அந்த நேரத்தைக் கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை வந்து அந்த நாற்காலியில் உட்காரும். அதே நேரத்தில்... அதுவும் உட்காரும்.

"இன்னைக்கு நேரம் இல்லம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போடட்டா?"

அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது.

"பரவால்லக்கா. நாளைக்குக் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டாள். நேரம் கொடுத்த பிறகுதான் பெயர் கேட்பது வழக்கம். எப்சி பெயர் கேட்கவில்லை.

மதியம். 4:05.

எப்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

4:08.

4:09.

செருப்புச் சத்தம் இல்லை.

4:10.

நாற்காலி முனகவில்லை. வாடை இல்லை.

எப்சி எந்த விசையையும் தொடவில்லை. கை மடியில்தான் இருந்தது.

ஸ்பீக்கர் தானாகப் பேசியது.

"நான்கு பத்து. காலி."

அவ்வளவுதான். எப்சி தட்டிப் பார்த்தாள். காலி. மறுபடி தட்டினாள். காலி. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. லில்லி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள். "போயிட்டுதுக்கா! போயிட்டுது!" இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எப்சி அல்வா வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் கூப்பிடவில்லை. எப்சி அதை மறந்தும் போனாள்.

தீபாவளிக்கு முந்தின நாள், புதன்கிழமை. காலை 11 மணி தாண்டியிருந்தது. ஒரு ஆள் வந்து, எப்சி சொல்லாமலே மேஜைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்ரீவைகுண்டத்துல இருந்து வாரேன். பேரு கொம்பையா. வாழைத் தோட்டத்துல வேல."

"சொல்லுங்க அண்ணாச்சி. யாருக்குப் பாக்கணும்?"

"யாருக்கும் பாக்க வேண்டாம்மா. என் தங்கச்சி கடைசியா பேசினது இந்த நம்பருக்குத்தான். என்ன பேசினான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வெள்ளிக்கிழமை, பதினொண்ணு இருவது."

எப்சிக்கு அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. கோழி சத்தமும்.

"உங்க தங்கச்சி பேரு?"

"செல்லக்கிளி."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கே பாக்கணும்னு கேட்டாங்க. நேரம் இல்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் எப்சி. "நேரம் இருந்துச்சு அண்ணாச்சி. நாலு பத்துக்கு இருந்துச்சு. நான்தான் பயந்துபோயி இல்லன்னு சொல்லிட்டேன்."

ஏன் பயம் என்று அவர் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"சின்ன வயசுலயே அவளுக்கு வலிப்பு உண்டும்மா. மாத்திரையில அடங்கிக் கெடந்துச்சு. அந்தத் திங்கக்கிழமையில இருந்து வேற மாதிரி வந்துச்சு. கீழ விழமாட்டா. ஆத்துல துவைச்சுக்கிட்டு இருக்கையிலேயே, கையில துணியோட அப்படியே ஒறஞ்சு உக்காந்திருவா. ஒரு நிமிசம். தெனமும் சாயங்காலம் அதே நேரம். கூடத் துவைக்கிற அன்னத்தாய்தான் தோளப் புடிச்சு உலுக்குவா. வெள்ளிக்கிழமை அன்னத்தாய் துணி காயப்போட மேல ஏறியிருக்கா. திரும்பிப் பாத்தா படியில ஆளக் காணும். மழைத் தண்ணி இழுப்பு. அன்னத்தாய் எனக்குப் போன் போட்ட நேரம் நாலு பதினொண்ணு."

எப்சி அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அதுக்கு முந்தி... இங்க எப்பவாவது வந்திருக்காங்களா?"

"பாளையங்கோட்டைப் பக்கமே அவ வந்ததில்லம்மா. இந்த நம்பர் அவளுக்கு யார் கொடுத்தான்னுகூட எனக்குத் தெரியல."

கொம்பையா எழப் போனார். நாற்காலி லேசாக நகர்ந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்தார்.

"முழிச்சதும் ஒண்ணு சொல்லுவா. நாலு நாளும் அதையேதான் சொன்னா. நாங்க கிறுக்குன்னு சிரிச்சோம். எங்கனயோ போயிட்டு வாரேண்ணேன்னு சொல்லுவா. ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடம்ணே. நான் ஒரு சேர்ல உக்காந்திருக்கேன். மேசை மேல ஒரு பொட்டி என் பேரச் சொல்லுது. பக்கத்துல ஒரு பிள்ள, யாரு, யாருன்னு கேக்கு. சொல்லணும்னு பாக்குதேன், வாய் வரமாட்டேங்குது. புதன்கிழமை அது பைய கைய நீட்டி என் முழங்கால்ல தொட்டுச்சுண்ணே, அந்தப் பிள்ளைக்குக் கண்ணு தெரியாது போல..."

கொம்பையாவின் பேச்சு அங்கேயே நின்றது.

அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம். அவர் எழுந்து நிற்கிறார் என்று தெரிந்தது. ஒரு அடி... இன்னொரு அடி... மூச்சுச் சத்தம் அவள் பக்கமே திரும்பியிருக்க, பின்புறமாகவே வாசல்வரைக்கும் நடந்து போனார்.