மழையில் தானாக விழுந்த குதிரை

என் தம்பி தேவசகாயம் திண்டிவனத்தில் கதவு, சன்னல் செய்கிற தச்சன். நான் ஆறு வயது மூத்தவள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவன் சேர்த்த பொருத்தில் ஒரு தலைமுடி நுழையாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 1957 சித்திரையில் பனமலை தாண்டவராயன் தன் ரைபிளைக் கொண்டுவந்தபோது அவரிடமும் சொன்னேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் பன்றிகளைச் சுட லைசென்சு வாங்கிய துப்பாக்கி. அதன் மரக்கட்டை உடைந்திருந்தது. தம்பி தேக்கில் புதுக்கட்டை செதுக்கி, இரும்பை அதற்குள் இறக்கிக் கொடுத்தான். துப்பாக்கி வேலை அவனுக்கு அதுதான் முதல்.

நான்கு வருடம் கழித்து, ஐப்பசி மழையில், தாண்டவராயனின் தம்பி கண்ணையன் பம்பு செட்டுக் கொட்டகைக்குள் குண்டுபட்டுச் செத்தான். உடன் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். பன்றிக்காகக் குண்டு போட்டு, அதைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரையையும் இழுத்துவைத்துச் சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கி தானாக வெடித்தது என்றார். போலீசார் அதைச் சோதித்துப் பார்த்தது சித்திரை வெயிலில். குறை தெரியவில்லை. சாட்சி இல்லாததால் வழக்கும் நிற்கவில்லை. ஆனால் நிலத்துக்காகத் தம்பியைச் சுட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கண்ணையன் மனைவி அம்சா பிள்ளைகளோடு தனி வீடு போனாள். கணவனின் அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை.

அடுத்த ஐப்பசியில் தாண்டவராயன் துப்பாக்கியோடு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"மேஸ்திரி, மழை புடிச்சா, குதிரையை இழுத்து வெச்சிட்டு நவுந்தா போதும், தானா தட்டுது. கண்ணையன் பேயா அதுக்குள்ளதான் கீறான்னு சொல்றாங்க. இந்தக் கட்டையை எரிச்சிட்டு வேற போட்டுக் குடு."

"எரிக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பார்த்துக்கிறேங்க," என்றான் தம்பி.

அன்று பகல், குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மேலே உள்ள குதிரையை இழுத்து நிறுத்தி, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனான். பட்டறையில் நான் மட்டும் சீவலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக மழை. காற்று அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது. திரும்பினேன். குதிரை விழுந்து கிடந்தது.

தம்பி ஓடிவந்தான். "யாருக்கா தொட்டது?"

"நான் இங்க நிக்கிறேன், அது அங்க நிக்குது. யாருடா தொடுவாங்க?"

மறுபடி குதிரையை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான். நான் ஜெபமாலையை எடுத்தேன். பதினேழு மணி உருட்டியதும் டக். அடுத்த முறை நாற்பத்தொன்று. யாரோ தனக்குத் தோன்றும்போது விரலை எடுப்பது போலிருந்தது.

தம்பி இரும்பில் விளக்குக் கரியைப் பூசிக் கட்டைக்குள் இறக்கி எடுத்தான். உரசுகிற இடத்தில் கரி ஒட்டும். விரல் வைக்கிற விசைக்காக வெட்டிய சந்தில் இரண்டு பக்கமும் கரி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவுக்கு மழையில உப்பும்னு எடம் வுடறேன். இதுக்கு வுடலக்கா. மரம் உப்பி விசையைக் கவ்விக்கினு இருக்குது. அது முழுசா திரும்பல. குதிரை விசையோட நுனியில நிக்குது. எப்ப வேணாலும் வழுக்கும். வெயில் வந்தா சரியாப் பூடும்."

"அவரே எரிக்கச் சொல்லிட்டாரு. எரிச்சிடு தம்பி. யாருக்குத் தெரியப்போவுது?" இதைச் சொன்னது நான்தான்.

"அவரு கொலகாரனாவே சாவட்டுமா?"

மறுநாள் அதே கட்டையோடு பனமலைக்குப் போனோம். அம்சா வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. தாண்டவராயன் தெருவிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

"பேயோட்ட ஆசாரி வந்துகிறார்டோய்! வேப்பிலை எங்க மேஸ்திரி?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

குண்டு இல்லை என்பதைத் தம்பி அம்சாவையே பார்க்கச் சொன்னான். குதிரையை நிறுத்தி, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து, எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கவைத்தான். சிரிப்பு அடங்கியது. கூரைத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. யாரோ வரப்போகிறார்கள் என்பது போல அம்சா கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

டக்.

ஒரு குழந்தை வீறிட்டது. தம்பி கட்டையைக் கழற்றிச் சந்தைக் காட்டினான். "இத வெட்டுனவன் நான்தாம்மா. தப்பு என்னுது. பெரியவரு தொடல."

அம்சா சந்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். அடிக்கப்போகிறாள் என்று நான் தம்பியை ஒட்டி நின்றேன். அவள் தெருவைப் பார்த்து, "மாமா, ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க," என்றாள். தாண்டவராயன் வாசலேறி வந்து நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவள் தம்பியிடம் திரும்பினாள். "புதுக்கட்டையும் நீயே போடு மேஸ்திரி. எங்க தப்பு வரும்னு ஒனக்குத்தான் தெரியும்."

பதினோரு நாளில் போட்டான், விசைக்கு இருபுறமும் ஓர் அட்டைக் கனம் இடம் விட்டு. கொண்டுபோய்க் கொடுத்த அன்றும் மழை. அம்சா குதிரையை இழுத்து நிறுத்தச் சொல்லி, விளக்கு வைக்கும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். குதிரை விழவில்லை. அப்புறம்தான் அழுதாள்.